கிளேபாங் வழியாகப் பினாங்கு

பினாங்குக்கு இரண்டு முறை போயிருப்பதாக அவர் சொல்வார். என் கணக்கில் ஒரு முறைதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. மற்றபடி அவர் என்ன சொன்னாலும் தலையாட்டியவன் நான். ஆட்டியதன் பலனை அனுபவித்தவனும் நான்தான்.

காஜா பெராங்கில் என் வாடகை அறைக்கு இரண்டு வீடு தள்ளி அவரும், நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஓர் அலுவலகத்தில் நாய்க்கும் சைக்கிளுக்கும் லைசென்சு எழுதிக் கொடுக்கும் கிராணி வேலை. நெடுநெடுவென்று இருப்பார். வெயிலோ மழையோ, இடது முழங்கையில் ஒரு குடை தொங்கும். தோளில் துணிப்பை. அதற்குள் டார்ச் லைட், ஊசி நூல், தலைவலித் தைலம், மாற்று வேட்டி, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். எதையாவது மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்படி ஆகிவிடக் கூடாதே என்று வீட்டில் பாதியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த மனிதர்.

ஆமாம், அவர் திரும்ப மாட்டார். வாசலை விட்டு இறங்கிவிட்டால், போன காரியம் முடியும் வரை பின்பக்கம் ஓர் அடி வைக்க மாட்டார். கிளம்பியவர் எதற்காவது திரும்பி வந்தால் உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்புவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அந்தப் பரிகாரம் அவரிடம் செல்லாது. "தண்ணி குடிச்சா சரியாப் போயிருமா? கிளம்பியாச்சுன்னா கிளம்பியாச்சு தம்பி," என்பார்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். பத்து கஜம் போவதற்குள் அண்ணி வாசலில் நின்று கண்ணாடியை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார். இவர் முன்னால் பார்த்தபடியே, "ஆள்கிட்ட குடுத்து அனுப்பு!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டார். அண்ணி ஆள் பிடித்து, அந்த ஆள் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு தோட்டத்துக் கங்காணியின் புத்தம்புதுச் சைக்கிளுக்கு நாய் லைசென்சு கிடைத்துவிட்டிருந்தது. நிறம் கறுப்பு, பால் ஆண் என்று இவர் கையெழுத்திலேயே எழுதியிருந்ததாம். கங்காணி நல்ல மனுஷன். நாய் லைசென்சோடு கொடுத்த பித்தளை வில்லையைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினார்.

இன்னொரு முறை, அடுத்தடுத்த பந்தலில் இரண்டு கல்யாணம். இவர் தப்பான பந்தலுக்குள் நுழைந்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்திருப்பார்கள். இவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். அட்சதை போட்டார். வேறு ஒரு ஜோடிக்காக வாங்கியிருந்த சுவர்க்கடிகாரத்தை இந்த ஜோடியிடம் கொடுத்தார், சாப்பிட்டார், குடும்பப் படத்திலும் நின்றார். அப்புறம் பின்வாசல் வழியாக இறங்கி, உண்மையாகவே அழைத்தவர்கள் பந்தலுக்கு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தார். கடிகார வீட்டில் பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சொந்தம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். விவரம் வெளியே வந்தபோது உறவு நன்றாக முற்றிவிட்டிருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு தகரம் முறுக்கு வரும், நானும் தின்றிருக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. அவர் அலுவலகத்துத் துரையின் பெட்டிகளெல்லாம் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டன. துரை மட்டும் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாரும் இதென்ன கூத்து என்று முணுமுணுக்க, இவர் ஒருவர்தான் மெச்சினார். "துரை பரஸ்தானம் வெச்சிட்டாருய்யா. நல்ல நேரம் பாத்து சாமான அனுப்பிட்டாரு. அவரு இங்க உக்காந்திருந்தாலும் கிளம்பிட்டவருதான்." பரஸ்தானம் என்பது நம் பழக்கம். பயணத்துக்குக் குறித்த நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், ஒரு துணி மூட்டையை மஞ்சள் துண்டோடு கட்டிப் போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் போதும், பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. துரைக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

அந்த வருஷம் அண்ணிக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. துணைக்கு அண்ணியின் அக்கா வந்திருந்தார். ஒருநாள் அண்ணி என்னை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, இவரோட ஒரு வீட்டுல இருக்க முடியல. அடுப்பங்கரைக்குப் போனவ திரும்பக் கூடாதுங்கிறாரு. நேத்து உப்பு எடுக்கத் திரும்பிட்டேன், அதுக்கு ஒரே சத்தம். அப்புறம் உப்பில்லாமலே சாப்பிட்டாரு. நீங்க கூட்டாளிங்கல்லாம் சேந்து ஒரு பத்து நாளு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. நல்லா தூரமா இருக்கட்டும்."

"பினாங்கு போதுமாண்ணி?"

"அதுக்கு மேல ரோடு இருந்தா அதுவும் சரிதான்."

எங்களுக்கு மறுபேச்சு என்ன இருக்கிறது? காஜா பெராங்கின் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் நாயக்கர் என்று ஒரு மெக்கானிக் நண்பர் இருந்தார். பேரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மலாய். கோயிலுக்கும் சமையலுக்கும் வேண்டிய தமிழ்ச் சொற்கள் மட்டும் ஒரு கைப்பிடி வைத்திருப்பார். அவர் ஒரு பழைய ரொட்டி வேனை வாங்கிப் போட்டிருந்தார். ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டு நாலு பலகைக் கட்டில்கள் அடித்தோம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தோம், என் கடையில் மிஞ்சிய பூப்போட்ட துண்டுத்துணியில் திரை தைத்தோம். எவ்வளவு கழுவியும் ரொட்டி வாசனை போகவில்லை. ஊரிலுள்ள எறும்பெல்லாம் எங்களுக்கு முன்பே ஏறிப் படுத்துவிட்டன. வேனுக்கு ரிவர்ஸ் கியர் வேறு கிடையாது. நாயக்கர் வெட்கத்தோடு அதைச் சொன்னபோது இவர் வேனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "இதுதாங்க வண்டி," என்றார்.

நான், அவர், நாயக்கர், தபால்காரர் வீரையா என்று நாலு பேர். லீவு போட்டாயிற்று. வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் புறப்பாடு என்று அவர் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவிட்டார். புதன்கிழமை சாயந்திரம் வேனின் கியர் பெட்டியே உடைந்தது. சாமான் வந்து சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்று நாயக்கர் கையை விரித்தார்.

"அப்ப ஒரு மூட்டைய பரஸ்தானம் வெச்சிரலாம்ணே," என்றேன். நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சொல் அது.

"மூட்டை என்ன மூட்டை? ஆளே போயிருவோம். மூணு பேரும் நேரத்துக்குக் கிளம்பிருவோம். நாயக்கர் மட்டும் கிளம்ப வேணாம், அவரு வண்டிய முடிச்சுட்டு வந்து நம்மள ஏத்திக்கட்டும்."

அப்படித்தான் பினாங்குப் பயணிகளான நாங்கள் வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு மூட்டை முடிச்சுடன் மூன்று சக்கர மிதிவண்டியான பேச்சாக்களில் ஏறி, நாலு மைல் தள்ளிக் கிளேபாங் கடற்கரையில் போய் இறங்கினோம். பாதி வழியில் எனக்குச் சவரக்கத்தி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்?

தென்னந்தோப்பில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகையைத் தோப்புக்காரரான மலாய்ப் பெரியவர் எங்களுக்குக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பினாங்குக்கு என்றோம். என்றைக்கு என்றார். கிளம்பிவிட்டோம் என்றோம். அவர் போய் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஓய்வு என்றால் அப்படி ஓர் ஓய்வு. காலையில் பசியாற ஒரு சுற்று, மதியம் சுட்ட மீன், அப்புறம் பாயில் உருளல். வீரையா தினமும் தபால் சுமந்து தேய்ந்த பாதங்களைக் கடலில் ஊறப்போட்டுக்கொண்டு சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பார். அண்ணி தினமும் பேச்சா மிதிக்கும் சீனக் கிழவரிடம் அடுக்கு டிபன் கேரியரில் குழம்பு கொடுத்து அனுப்புவார். பயணத்தில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வரலாமா என்று நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "சோறு நம்மளத் தேடி வருது. நாம சோத்தத் தேடித் திரும்பல," என்றார். கடற்கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் எங்கள் ஊர்ப் பண்டார் ஹிலிர்க் குன்று தெரியும். அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என் முதலாளி குடும்பத்தோடு கடலில் குளிக்க வந்துவிட்டார். கைலியும் நாலு நாள் தாடியுமாகத் தென்னைமரத்தடியில் படுத்திருந்த என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என்னப்பா, பினாங்கு போறேன்னு லீவு கேட்ட?"

"போய்க்கிட்டே இருக்கேன் முதலாளி."

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்க் குளித்தார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாயில் படுத்திருந்த இவரிடம் போய், "இது என்ன பைத்தியக்காரத்தனம்ணே? நாலு மைல்ல வீடு இருக்கு. சவரம் பண்ணிட்டு வந்தா குடியா முழுகிப்போகும்?" என்று கத்திவிட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, வழக்கமான குரலிலேயே சொன்னார்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி ஒங்க அண்ணிக்கு வலி எடுத்துச்சு. பேச்சாவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம். பாதி வழியில பாத்தா ஆஸ்பத்திரி அட்டை இல்ல. நாந்தான் திருப்பச் சொன்னேன். அவ வேணாம்னா. நாந்தான் சொன்னேன். அட்டைய எடுத்துட்டுப் போய்ச் சேந்தோம். புள்ள தங்கல. அட்டைய யாருமே கேக்கல தம்பி."

டாக்டர், இது எப்படியும் நடந்திருக்கும் என்று சொன்னாராம். இவர் நம்பவில்லை. அந்த நாளிலிருந்துதான் குடை, பை, எல்லாம். அவரை எனக்கு மூன்று வருஷமாகத்தான் தெரியும்; பிறவியிலேயே இப்படி என்று நினைத்துக் கேலி செய்து திரிந்திருக்கிறேன். நாய் லைசென்சுக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! வெட்கமாக இருந்தது. அதன்பிறகு சவரத்தைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை காலை பேச்சா வந்தது. அதில் டிபன் கேரியர் இல்லை. சீனக் கிழவர் இறங்கி ஓடி வந்தார். அண்ணிக்கு வலி கண்டுவிட்டதாம். மாசம் நிறையவில்லை. பிரசவம் பார்க்கும் மிஸ்ஸியைக் கூப்பிட ஆள் போயிருக்கிறதாம். அவர் சொல்லி முடிக்கும்போதே தோப்புப் பாதையில் ஹாரன் சத்தம் கேட்டது. ரிவர்ஸ் தவிரக் கியர் பெட்டி சரியாகி, நாயக்கர் முகமெல்லாம் பல்லாக ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டு வந்து, வடக்கே பார்த்து நிறுத்தினார்.

இவர் எழுந்து நின்றார். வீடு இருக்கும் திசைக்கு ஓர் அடி எடுத்து வைத்தார். அந்தக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"வாங்கண்ணே!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"திரும்பக் கூடாது தம்பி. போன தடவையும் நாந்தான்…" பிறகு திடீரென்று, "வண்டிய எடுங்க. பினாங்குக்கு விடுங்க. வேகமாப் போயி, கால வெச்சுட்டு, ஒடனே வந்துருவோம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துறலாம்," என்றார்.

விளையாட்டில்லை, நிஜமாகவே சொன்னார். அங்கே ஓர் உயிர் துடித்துக்கொண்டிருக்கிறது. நாலு மைல் போவதற்கு இந்த மனிதர் முன்னூறு மைல் போகப் பார்க்கிறார். வீரையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இவரைத் தூக்கி வேனில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். போட்டிருக்கலாம். ஆனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை அவர் ஆயுசு முழுக்கத் தன் தலையில் சுமப்பார் என்ற பயமும் வந்தது.

நாயக்கருக்கு நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். "அலாமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டவர், சற்று நேரம் கடலையே பார்த்தார். பிறகு இவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டிக் காட்டினார்.

"சினி லாவுட். பினாங் லாவுட். சாத்து லாவுட்."

இங்கே இருப்பதும் கடல், பினாங்கில் இருப்பதும் கடல், இரண்டும் ஒரே கடல்.

"அதெப்படி? முன்னூறு மைல் இருக்கே," என்றார் இவர்.

"தண்ணி மைல் தா தாவு லா," என்றார் நாயக்கர். தண்ணீருக்கு மைல் தெரியாதாம்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "பினாங்குத் தண்ணியில கால வெச்சாச்சுன்னா, போய்ச் சேந்ததாத்தானே கணக்கு?"

"சத்தியமாக் கணக்குதாண்ணே!" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மனசார நான் பொய் சொன்னதில்லை.

அவர் செருப்பைக் கழற்றாமல் நடந்தார். ஆனால் அப்போது கடல் வற்றியிருந்த நேரம். கிளேபாங்கில் கடல் வற்றினால் அரை மைலுக்குச் சேறுதான். முழங்கையில் குடை, தோளில் பை, கணுக்கால் வரை, பிறகு முழங்கால் வரை சேறு. சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு மலாய்ப் பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவர் திரும்பவில்லை. தண்ணீர் இடுப்பளவு வரும் இடம் வரை போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டார். எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பி, கையைத் தூக்கிக் கத்தினார்.

"வந்தாச்சு!"

"எங்க?" என்று வீரையா, கூறுகெட்ட மனுஷன், கரையிலிருந்து கேட்டுத் தொலைத்தார்.

"பினாங்கு!"

போனது நடை, வந்தது ஓட்டம். ஆனால் வேன் வடக்கே பார்த்து நிற்கிறது, பாதை குறுகல், இரண்டு பக்கமும் வாய்க்கால். ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால், கையால் பின்னுக்குத் தள்ளிப் பாதை அகலமாகும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் முன்பக்கம் போய் நின்றோம். நான் தயங்கி அவரைப் பார்த்தேன். அவர் அதற்குள் குனிந்து, வேனின் மூக்கில் சேற்றுக் கை இரண்டையும் வைத்து, ஒரு தம் கட்டித் தள்ளத் தொடங்கியிருந்தார்.

"தள்ளுங்கடா! வண்டிதான் பின்னுக்குப் போவுது. நான் முன்னுக்குத்தான் போறேன்!"

நாலு மைலையும் நாயக்கர் எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது. கட்டிலுக்குக் கட்டில் உருண்டுகொண்டிருந்தேன். நாங்கள் போய் இறங்கிக் கால் மணி நேரத்தில் உள்ளே குழந்தையின் அழுகை கேட்டது. சின்ன அழுகை. மிஸ்ஸி வெளியே வந்து, பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் கெட்டிக்காரி, நன்றாக மூச்சு விடுகிறாள் என்றார். இவர் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் தாங்கவில்லை, அழுதேன். நாயக்கர் வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

உள்ளே விட்டபோது, இடுப்பு வரை சேறோடு நின்ற மனிதரை அண்ணி படுத்தபடியே ஏற இறங்கப் பார்த்தார்.

"பினாங்கு எப்படி இருந்திச்சு?"

"கொஞ்சம் சேறு," என்றார். "மத்தபடி நல்ல ஊரு."

அதற்கப்புறம் பினாங்கைப் பற்றி யார் பேசினாலும் அவர் புகுந்துவிடுவார். தண்ணீர் எப்படி, காற்று எப்படி, செருப்பு போட்டுக்கொண்டு இறங்கலாமா கூடாதா, எல்லாம் சொல்வார். நாங்கள் பலமுறை கூப்பிட்டும் வேனில் வர மறுத்துவிட்டார். பார்த்த ஊரை எதற்கு இன்னொரு தடவை பார்ப்பது என்பார்.

இருபத்து நாலு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது. கொண்டுவந்தவர்கள், சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்ட அதே தப்பான கல்யாண வீட்டார். மாப்பிள்ளைக்கு ஊர் பினாங்கு, கல்யாணமும் அங்கேதான். கல்யாணத்துக்கு மறுநாள் காலை இவர் என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரைக் குனிந்து தொட்டார்.

"அப்படியேதான் இருக்கு தம்பி. சேத்த மட்டும் வாரிட்டானுங்க."

மத்தியானம் சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இவர் வழக்கப்படி முன்னால் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். தெருமுனையில் டாக்சி நின்றிருந்தது. கதவைத் திறந்த நான் அவருக்காகக் காத்து நின்றேன். அவர் ஏறவில்லை.

"குடைய மறந்துட்டேன்," என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பினார். வந்த வழியே, அவ்வளவு தூரமும், அவசரமாக நடந்து அந்த வீட்டுக்குள் போனார். குடை அவருடைய இடது முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். டாக்சிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம்.

வெகுநேரம் கழித்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அண்ணி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"உக்காருங்க. ஒரு வாய் குடிச்சுட்டுக் கிளம்புவோம்."

அவர் மறுக்காமல் அந்தத் தெருமுனைக் கல்லிலேயே உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.